பஞ்சாரமும் பரிசுப் பந்தலும்

கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய சேவலை அன்று மாலைக்குள் நாலு பேராவது விலை கேட்டுவிடுவார்கள். உடையவர் பெரும்பாலும் கொடுக்கமாட்டார். ஆனால் முட்டை கேட்பவருக்கு முட்டை தருவார்; முன்பணம் கொடுப்பவருக்குக் குஞ்சு ஒதுக்கிவைப்பார்; வேண்டியவர்கள் பெட்டையைக் கொண்டுவந்தால் இணை சேர்க்க விடுவார். இரண்டு வருடம் போனால் சுற்றுவட்டார முற்றங்கள் பலவற்றில் அந்த ஒரு சேவலின் மூக்கும் வாலும் நடமாடும். பந்தலில் நடுவர் சொல்லும் தீர்ப்பு அன்றோடு முடிகிற காரியமில்லை. எதற்குப் பரிசு கிடைக்கிறதோ அது பெருகுகிறது. எதை நடுவர் பார்ப்பதே இல்லையோ அது, யாரும் கெடுக்க நினைக்காமலே, சில தலைமுறைகளில் தேய்ந்துபோகிறது.

வீட்டுக்கோழியை ஆசைக்கு வளர்த்துப் போட்டிக்குக் கொண்டுபோகும் வழக்கத்துக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அதை இந்தக் கண்ணோடு பார்ப்பதுதான் பயனுள்ளது என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் கிளிமூக்கு விசிறிவால் சேவல்களுக்கான அழகுக் கண்காட்சிகள் பரவிவரும் இந்த வேளையில், எங்கோ நடந்த அந்த வரலாறு நம் வாசலுக்கே வந்து நிற்கிறது.

சண்டைக்களத்திலிருந்து கூண்டுக்கு

இங்கிலாந்தில் சேவல் சண்டைக்கு 1835இல் சட்டத்தடை வந்தது. 1849இல் அது மேலும் இறுகியது. இடையில் 1845இல் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் ஒரு பெரிய கோழிக் கண்காட்சி நடந்தது. பொருத்தம் பார்த்து, தீனி அளந்து, சேவலின் உடம்பை முறுக்கேற்றிப் பழகிய கைகளுக்கு இனி வேறு வேலை வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சீனத் துறைமுகங்களிலிருந்து பெருங்கோழிகள் கப்பலில் வந்து இறங்கின. கால்விரல் வரை சிறகு மூடிய, உருண்டு திரண்ட, சாதுவான கொச்சின் கோழிகள். விக்டோரியா அரசியே அவற்றை விண்ட்சரில் வளர்த்தார். பெயரைக் கேட்டு நம் கொச்சியை நினைக்க வேண்டாம். தென்வியட்நாமை ஐரோப்பியர் கொச்சின் சீனா என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் தவறாகப் போய் ஷாங்காய்ப் பக்கத்துக் கோழியின்மேல் ஒட்டிக்கொண்டது. பிரம்மா கோழியின் கதையும் இதுதான். பெயர் நம் பிரம்மபுத்திராவுடையது. கோழி, சீனத்திலிருந்து போன பறவைகளைக் கொண்டு அமெரிக்காவில் உருவானது.

1849 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் பொதுப்பூங்காவில் நடந்த கண்காட்சிக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அதைத் தொடர்ந்த சில ஆண்டுகளுக்கு அங்கே ‘கோழிக் காய்ச்சல்’ என்றே பெயர். ஒரு ஜோடிக் கோழியின் விலை, கூலியாள் ஒருவர் பல மாதம் உழைத்துச் சேர்க்கும் பணத்தை எட்டியது. ஜார்ஜ் பர்னம் என்ற வியாபாரி 1852இல் தன்னிடமிருந்த சாம்பல்நிற ஷாங்காய்க் கோழிகளை விக்டோரியா அரசிக்கு அன்பளிப்பாக அனுப்பினார். செய்தி பத்திரிகைகளில் வந்தது. அவர் வீட்டுக் குஞ்சுகளின் விலை ஏறியது. காய்ச்சல் தணிந்த பின் 1855இல் நடந்ததையெல்லாம் அவரே புத்தகமாக எழுதி வெளியிட்டார். ஜெர்மனியில் கோர்லிட்ஸ் நகரத்தில் ராபர்ட் ஓட்டல் 1852இல் ஒரு சங்கம் தொடங்கினார். ‘கோழியியல் சங்கம்’ என்று அதற்குப் பெயர்.

பணம் புழங்கும் இடத்தில் வழக்கும் வரும். எது அசல், எது கலப்பு, எந்த நடுவர் சொன்னது சரி என்று சண்டைகள் மூண்டன. அதற்குக் கிடைத்த விடைதான் எழுதிவைத்த இலக்கணம். 1865இல் டெகெட்மையர் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு இங்கிலாந்தில் முதல் இலக்கண நூல் வந்தது. அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 1873இல் பஃபலோ நகரில் கூடி, மறு ஆண்டே தன் நூலை வெளியிட்டது. திருத்தங்களோடு அது இன்றும் வந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனின் இன்றைய கோழிக் கழகம் 1877இல் பிறந்தது. ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை எடை, இந்த வடிவக் கொண்டை, காலின் நிறம் இது, விரல்கள் இத்தனை, இந்தக் குறை இருந்தால் போட்டியிலிருந்து விலக்கு என்று அந்த நூல்கள் வகுத்துச் சொல்கின்றன. வெளிர் பிரம்மா சேவல் 12 பவுண்டு, அதாவது சுமார் 5.4 கிலோ இருக்க வேண்டும். சிப்ரைட் என்ற குட்டைச் சேவலுக்கு 22 அவுன்ஸ், சுமார் 620 கிராம். இரண்டும் ஒரே பந்தலில் நிற்கும். நடுவர் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதில்லை. ஒவ்வொன்றையும் அதன் இனத்துக்கு எழுதப்பட்ட இலக்கணத்தோடுதான் ஒப்பிடுகிறார். முறையான கண்காட்சிக்கும் நாலு பேர் கூடி ‘இது அழகு’ என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

விளைந்த நன்மை

இந்தப் பொழுதுபோக்கு அறிவியலுக்குக் கொடுத்த கொடையைப் பலர் அறிவதில்லை. டார்வின் 1868இல் வெளியிட்ட வளர்ப்பு விலங்குகள் பற்றிய நூலில், வீட்டுக்கோழிகள் எல்லாம் ஒரே மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்தவை என்று வாதிட்டார். அதற்குக் கோழிகளைக் கலந்து குஞ்சு பொரிக்கவைத்துச் சோதித்து உதவியவர்களில் மேலே சொன்ன டெகெட்மையரும் ஒருவர். மெண்டலின் மரபு விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று பேட்சன் 1902இல் காட்டியது கோழிக் கொண்டைகளைக் கொண்டுதான். ரோஜாக் கொண்டைக்கும் பட்டாணிக் கொண்டைக்கும் பிறந்த குஞ்சில் இரண்டிலும் இல்லாத மூன்றாவது கொண்டை முளைத்ததைப் பின்தொடர்ந்து போய், இரண்டு மரபணுக்கள் சேர்ந்து ஒரு குணத்தை உண்டாக்கும் என்ற முடிவுக்குப் பேட்சன் குழுவினர் வந்தார்கள். போட்டிக்காகத் தூய்மையாகக் காத்துவைத்த இனங்கள் இல்லாவிட்டால் அந்தச் சோதனைக்குப் பறவை கிடைத்திருக்காது.

டார்வினின் முடிவில் ஒரு திருத்தமும் பின்னால் வந்தது. அது நம் மலைகளைத் தொட்டு வந்தது. கோழியின் காலும் தோலும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு சிவப்புக் காட்டுக்கோழியுடையது அல்ல, சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008இல் கண்டறிந்தார்கள். சாம்பல் காட்டுக்கோழி தென்னிந்தியக் காடுகளின் பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் விடியலில் கூவுகிறது. உலகில் எந்த மூலையில் மஞ்சள் கால் கோழியைக் கண்டாலும் அதில் இந்த மண்ணின் ஒரு துளி இருக்கிறது.

மற்றொரு நன்மை, இனங்கள் பிழைத்தது. வணிகக் கோழிப்பண்ணை இரண்டு மூன்று வீரியக் கலப்புகளோடு திருப்தி அடைந்துவிட்ட பிறகு, டார்க்கிங், ஹாம்பர்க் போன்ற பழைய இனங்களைக் கொல்லைப்புறத்தில் வைத்துக் காப்பாற்றியவர்கள் பரிசுக் கோப்பைக்காக வளர்த்தவர்களே. அந்த வகையில் அரசுப் பண்ணைகள் செய்ய முடியாததை ஆசைக்காரர்கள் செய்தார்கள். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

விளைந்த கேடு

ஆனால் இலக்கண நூலில் எழுதாத குணத்துக்கு என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும்.

கறுப்பு ஸ்பானிஷ் கோழி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரிய வெள்ளை முட்டைக்குப் பேர்போனது. அதன் முகத்தில் காதோரம் ஒரு வெள்ளைத் தோல் உண்டு. கண்காட்சியில் அந்த வெண்மைக்கே மதிப்பெண் கிடைத்ததால், வளர்ப்பாளர்கள் தலைமுறைதோறும் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். கடைசியில் முகம் முழுக்க வெள்ளைத் தோல் தொங்கும் பறவை கிடைத்தது. உடல் வலு போனது, குஞ்சுகள் நோஞ்சானாயின, முட்டைக்காரர்கள் அதை விட்டு மினார்கா கோழிக்கு மாறினார்கள். இன்று அது அரிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் ஆங்கிலச் சண்டைக்கோழியுடையது. களம் மூடப்பட்டதும் சேவல் கூண்டில் ஏறியது. கூண்டில் நிமிர்ந்து நிற்பதுதான் அழகு என்று ஆனது. கால் நீண்டது, கழுத்து நீண்டது, வால் சுருங்கியது, உடல் ஒடுங்கியது. ஐம்பது ஆண்டுக்குள் ‘நவீன சண்டைக்கோழி’ என்ற புதிய பறவையே உருவாகிவிட்டது. சண்டைக்கோழி என்ற பெயர் மட்டும் தங்க, சண்டைக்கு வேண்டிய மார்பும் தசையும் போயின. பழைய சேவலின் உடற்கட்டை மறக்காத வளர்ப்பாளர்கள் சிலர் மனம் பொறுக்காமல் பிரிந்து, ‘பழைய ஆங்கிலச் சண்டைக்கோழி’ என்று தனி இனமாக அதற்கு இலக்கணம் எழுதினார்கள். அதனால்தான் பழைய உடல்வாகு இன்றும் கிடைக்கிறது. சண்டையை ஒழித்தது சரியே. சண்டையோடு சேர்த்துச் சேவலின் திடத்தையும் கைவிட்டது தவறு. அதை உணர்ந்து சிலர் எழுந்து நின்றதால் தப்பித்தது.

ஜப்பானியக் குட்டைக் கோழியான சாபோவின் கால்கள் அங்குலக் கணக்கில்தான் வெளியே தெரியும். அந்தக் குட்டைக் காலுக்கான மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் குஞ்சு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். குட்டைக்கும் குட்டைக்கும் இணை சேர்த்தால் நாலில் ஒரு பங்கு முட்டை இப்படிப் போகும். அதே ஜப்பானில் கோச்சி மாநிலத்து ஒனகதோரிச் சேவலின் வால் சில மீட்டர் நீளும். 1952இல் அரசு அதைச் சிறப்பு இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. வால் அழுக்காகாமலும் முறியாமலும் இருக்க, உயரமான ஒடுங்கிய பெட்டியில் சேவலை உட்காரவைத்து, வாலைத் தொங்கவிட்டு வளர்ப்பது அங்கே வழக்கம். அவ்வப்போது கையில் எடுத்து நடக்கவிடுவார்கள். அந்த வாலின் அழகை நான் மறுக்கவில்லை. மண்ணைக் கிளறாத கோழியை எண்ணும்போது வருத்தம்தான் வருகிறது.

பொறுமையைச் சோதிக்கும் இன்னொரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். வரி போட்ட பிளைமவுத் ராக் இனத்தில் அந்த வரிக்கான மரபணு சேவலுக்கு இரட்டையாக, பெட்டைக்கு ஒற்றையாக அமைகிறது. அதனால் இயல்பில் சேவல் வெளிறியும் பெட்டை கருத்தும் இருக்கும். கண்காட்சியிலோ இரண்டும் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். விளைவு, பரிசுச் சேவல் எடுக்க ஒரு வம்சம், பரிசுப் பெட்டை எடுக்க வேறொரு வம்சம் என்று இரண்டு கொட்டில் வைத்தார்கள். அந்த வம்சத்துப் பெட்டையும் இந்த வம்சத்துச் சேவலும் பந்தல் பக்கமே போக முடியாது. இயற்கை ஒத்துழைக்காத இலக்கணத்தை எழுதினால் பாதிக் குஞ்சு வீணாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

உலகையே மாற்றிய ஒரு போட்டி

கோழிப் போட்டி என்றால் ஆசைக்காரர்களின் சின்ன உலகம் என்று எண்ணிவிடக் கூடாது. இன்று நாம் கடையில் வாங்கும் பிராய்லர் கோழியே ஒரு போட்டியின் பிள்ளை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் ‘நாளைய கோழி’ என்ற பெயரில் போட்டி அறிவித்தார்கள். குறைந்த தீனியில், குறைந்த நாளில், அகன்ற மார்புக்கறி யாருடைய கோழிக்கு வருகிறது என்பதே கேள்வி. 1948இல் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் சார்லஸ் வான்ட்ரெஸ் வென்றார். அவருடைய கோழி கார்னிஷும் நியூ ஹாம்ப்ஷயரும் கலந்தது. 1951இலும் அவரே வென்றார். அதன்பின் உலகக் கறிக்கோழி முழுவதும் அந்தப் பாதையில் போனது. மார்பு பெருத்தது, கால் அந்தப் பாரத்தைத் தாங்கத் திணறுவதும், இதயம் திணறுவதும் உடன் வந்தன. அந்த நடுவர் மேசையில் காலுக்கும் இதயத்துக்கும் இடமில்லை.

கார்னிஷ் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வால்டர் கில்பர்ட் என்ற படைத்தளபதி, இந்தியாவிலிருந்து கொண்டுபோன அசில் சேவல்களை அங்குள்ள சண்டைக்கோழிகளோடு சேர்த்து உருவாக்கியது. ‘இந்தியச் சண்டைக்கோழி’ என்றே அதற்கு அங்கே பெயர். சண்டைக்கு அது உதவவில்லை. நெஞ்சுக்கறி மட்டும் மலைபோல் வந்தது. அசில் என்ற அரபுச் சொல்லுக்கு உயர்குடிப் பிறப்பு என்று பொருள். நாம் அன்றாடம் சொல்லும் ‘அசல்’ அதே வேரிலிருந்து வந்த சொல்தான். உலகக் கறிக்கோழியின் மார்பில், அசில் வகையான நம் பெருவிடைச் சேவலின் உறவு இருக்கிறது.

நம் பந்தல்

தமிழனுக்குச் சேவல் நேற்று வந்த ஆசையில்லை. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டையில் மாண்ட ஒரு சேவலுக்கு நடுகல் நட்டிருக்கிறார்கள். காலம் ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டு. மனிதனுக்கு நடும் கல்லைச் சேவலுக்கும் நட்டு, அது எந்தச் சேரிக்காக ஆடியது என்று எழுத்தும் வெட்டிய ஊர் அது. இந்தளூரிலும் அப்படியொரு கல் உண்டு. உறையூருக்குக் கோழியூர் என்று பெயர். கரூர் மாவட்டத்துப் பூலாம்வலசில் பொங்கலையொட்டி நடந்த சேவல்கட்டுக்கு நெடுந்தொலைவிலிருந்து ஆள் வந்தார்கள்.

விலங்குகளை மோதவிடுவது 1960ஆம் ஆண்டின் வதைத்தடுப்புச் சட்டப்படி குற்றம். சேவலின் காலில் கத்தி கட்டி மோதவிடும் களங்களில் சேவல் மட்டுமல்ல, மனிதர்களும் காயப்பட்டு இறந்திருக்கிறார்கள். களம் சுருங்கச் சுருங்க, சேவல்மேல் கொண்ட காதலுக்கு இன்னொரு வாசல் திறந்தது. அதுதான் கிளிமூக்கு விசிறிவால் கண்காட்சி. திண்டுக்கல் வட்டாரத்தில் இது திருவிழாபோல் நடக்கிறது. குட்டையாய்த் தடித்துக் கிளியைப்போல் வளைந்த மூக்கு, நெற்றியோடு ஒட்டிய பூ (கொண்டை), வெள்ளை விழி, நிமிர்ந்த கழுத்து, அகன்று நீண்டு விரியும் வால். இவற்றைப் பார்த்துத்தான் பரிசு. மேலே ஏறி நின்று பார்ப்பவரும், கீழே குனிந்து காலைப் பார்ப்பவருமாகப் பந்தல் நிறைந்திருக்கும். நல்ல சேவலுக்கு லட்சங்களில் விலை பேசுகிறார்கள். 1850களின் இங்கிலாந்தும் பாஸ்டனும் என் கண்முன் வந்துபோகின்றன. களம் மூடுவது, கூண்டு வருவது, விலை ஏறுவது என்று எல்லாம் அதே வரிசை.

நம்மிடம் சொல்வளமும் குறைவில்லை. கொண்டையில் மத்திப்பூ, கத்திப்பூ, தவக்களைப்பூ, ஊசிப்பூ, குருவிப்பூ என்று பிரிப்பார்கள். நிறத்தில் கீரி, மயில், காகம், நூலான், பொன்றம், யாகூத், கொக்குவெள்ளை. அனுபவப்பட்டவர் தூரத்தில் நின்றே ‘காகத்தில் பொன்றம் கலந்தது’ என்று வம்சம் சொல்வார். இத்தனை நுணுக்கமும் வாய்ச்சொல்லாக இருக்கிறது. ஊருக்கு ஊர் அளவுகோல் மாறுகிறது. நடுவருக்கு நடுவர் மாறுகிறது. தோற்றவர் எதனால் தோற்றார் என்று தெரியாமலே வீடு திரும்புகிறார். இதைத் தாளில் எழுதும் வேலை இன்னும் பாக்கி.

எழுதும்போது எதை எழுதப்போகிறோம் என்பதில்தான் என் கவலை. மூக்கின் வளைவுக்கே மதிப்பெண் குவிந்தால் மூக்கு மேலும் மேலும் வளையும். மேல் அலகும் கீழ் அலகும் பொருந்தாத சேவல் தானியம் பொறுக்கச் சிரமப்படும். வாலுக்கே மதிப்பெண் குவிந்தால் வால் மண்ணில் படக் கூடாது என்று சேவல் கூண்டுக்குள் போகும். உயர்ந்த விலைக்காக ஒரே சேவலின் மகளையும் பேத்தியையும் அதே சேவலுக்கு மீண்டும் மீண்டும் கட்டினால் மூக்கும் வாலும் நிலைப்படும். கூடவே கூமுட்டை பெருகும், குஞ்சு தேறாது. வம்சம் பிடிக்க நெருங்கிய இணை தேவைதான், அதை எல்லா நாட்டு வளர்ப்பாளரும் செய்கிறார்கள். நல்ல வளர்ப்பாளர் இரண்டு மூன்று கிளைகளைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு, குஞ்சு பொரிப்பு குறையத் தொடங்கியதும் கிளை மாற்றுவார். அதற்குக் கணக்கு எழுதவேண்டும். கால்வளையம் போட்ட கோழியும் ஒரு நோட்டுப்புத்தகமும் இல்லாதவரிடம் வம்சம் இருப்பதாக நான் நம்புவதில்லை. ஐரோப்பாவில் குஞ்சுப் பருவத்திலேயே ஆண்டு பொறித்த மூடிய வளையத்தைக் காலில் ஏற்றிவிடுகிறார்கள். கால் தடித்தபின் அது கழலாது, புதிதாகப் போடவும் முடியாது. வயதில் பொய் சொல்ல வழியில்லை.

இன்னொரு பறவையைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. கிளிமூக்குப் பெட்டை கனமானது. அவயத்தில், அதாவது அடைகாக்கும்போது, முட்டையை மிதித்து உடைத்துவிடும் என்று பலர் அந்த முட்டைகளைச் சிறுவிடைக் கோழிக்கு அடியில் வைக்கிறார்கள். இருபத்தோரு நாள் அரைப் பட்டினியோடு உட்கார்ந்து, பொரித்து, பருந்துக்கு இறக்கை விரித்துக் காத்து, கரையான் கிளறிக் கொடுத்து லட்ச ரூபாய்ச் சேவலை ஆளாக்குவது அந்தச் சின்னக் கோழி. பந்தலில் அதற்குக் கூண்டு இல்லை. என் பாட்டி எந்த முட்டையை அவயத்துக்கு வைப்பது என்று முடிவு செய்வதை நான் பார்த்திருக்கிறேன். போன முறை வைத்த முட்டையெல்லாம் பொரித்தது எது, குஞ்சு ஒன்றையும் பருந்துக்குக் கொடுக்காமல் அந்திக்குப் பஞ்சாரக் கூடைக்கு வந்தது எது என்று அவருக்கு நினைவிருக்கும். அந்தக் கோழியின் முட்டைதான் அடுத்த அவயத்துக்கு. மற்றவை குழம்புக்கு. அதுவும் ஒரு நடுவர் தீர்ப்புதான். பல நூற்றாண்டாக அந்தத் தீர்ப்பு காத்த குணங்கள்தான் நாட்டுக்கோழி என்று நாம் பெருமையாகச் சொல்வது.

நோயும் பந்தலும்

கோழி வளர்ப்பில் தீனி, கூடு, தண்ணீர் பற்றியெல்லாம் எழுத நிறைய உண்டு. அவை எல்லாருக்கும் தெரிந்தவை. கண்காட்சிக்குப் போகிறவர் கட்டாயம் அறிய வேண்டியது நோய்தான்.

வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் நோயை 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் அடையாளம் கண்டார்கள். மறு ஆண்டு இமயமலைச் சரிவில் ராணிக்கேத்தில் அதே நோய் அறியப்பட்டதால் இந்தியாவில் ராணிக்கேட் நோய் என்ற பெயர் நிலைத்தது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் அது நுழைந்தால் பஞ்சாரம் காலியாகும். ஒரு முறை சந்தையிலிருந்து வாங்கிவந்த ஒரு பெட்டையை அன்றே மற்றவற்றோடு சேர்த்துவிட்ட எங்கள் வீட்டில், பத்து நாளில் மூன்று கோழிதான் மிஞ்சியது. சின்ன வெங்காயமும் மஞ்சளும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுத்தோம். அவை பசியைத் தூண்டும், தெம்பு தரும். இந்த வைரஸை நிறுத்தாது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. நோய் வருமுன் போட்டால் இந்த இரண்டும்தான் தடுக்கும். கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் ஊர்களில் முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது.

ஒரு பந்தலில் பல ஊர்ச் சேவல்கள் பக்கத்துக் கூண்டில் மூச்சு விடுகின்றன. அமெரிக்காவில் 2015இல் பறவைக் காய்ச்சல் பரவியபோது அயோவா, மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் கண்காட்சிகளில் உயிருள்ள கோழிகளை வைப்பதற்கே தடை போட்டார்கள். பிரிட்டனில் 2021க்குப் பிறகு கோழிகளை ஓரிடத்தில் கூட்டுவதற்குத் தடை வந்து, கண்காட்சி இல்லாமல் குளிர்காலம் கழிந்தது. அங்கே கற்ற வழக்கம் எளியது: பந்தலிலிருந்து திரும்பிய சேவலையும் புதிதாக வாங்கியதையும் மூன்று நாலு வாரம் தனிக்கூட்டில் வைப்பது, அதற்குக் கடைசியாகத் தீனி வைப்பது, பந்தலில் போட்ட செருப்போடு சொந்தக் கோழிகளிடம் போகாமலிருப்பது. நம் ஊரில் பரிசு வாங்கிய சேவலை அன்றிரவே வீட்டுப் பெட்டைகளோடு விடுகிறோம். இதை நிறுத்தியே ஆக வேண்டும்.

கண்காட்சிக்கான ஒப்பனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு வாரம் முன்பே கூண்டில் நிற்கப் பழக்க வேண்டும். கூண்டைக் காணாத சேவல் பந்தலில் பதுங்கும். இரண்டு மூன்று நாள் முன்பு இளஞ்சூட்டு நீரில் மென்மையான சோப்பு போட்டு, சிறகு போகும் திசையிலேயே தடவிக் குளிப்பாட்டி, இரண்டு முறை நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்துவார்கள். பூவிலும் காலிலும் துளி எண்ணெய். வெள்ளைக் கோழியை வெயிலில் விட்டால் சிறகில் மஞ்சள் ஏறும் என்று மரநிழலில் வைப்பார்கள். இவ்வளவும் ஒப்பனை. சிறகுக்குச் சாயம் பூசுவதும் நிறம் மாறிய இறகைப் பிடுங்குவதும் மோசடி. மேல்நாட்டுப் பந்தல்களில் அப்படிச் செய்த பறவை வெளியேற்றப்படும்.

அமெரிக்கக் கிராமப்புறங்களில் பிள்ளைகளுக்கென்று ஒரு போட்டி நடத்துகிறார்கள். அதில் கோழிக்கு மதிப்பெண் கிடையாது. பிள்ளை கோழியைக் கூண்டிலிருந்து எப்படி எடுக்கிறது, இறக்கையை விரித்து எப்படிக் காட்டுகிறது, பேன் எங்கே இருக்கும், முட்டை எத்தனை நாளில் பொரிக்கும் என்று கேட்டால் என்ன சொல்கிறது என்பதற்கே பரிசு. பத்து ரூபாய்க் குஞ்சு வைத்திருக்கும் சிறுமியும் அதில் ஜெயிக்கலாம். நம் கண்காட்சிகளில் நான் மிகவும் பார்க்க ஆசைப்படுவது இதைத்தான். பரிசுச் சேவல் பணமுள்ளவர் கைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, கோழி அறிவு எல்லார் கையிலும் தங்க இது ஒரு வழி.

கண்காட்சி நடத்தும் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மூத்த வளர்ப்பாளர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களை ஒன்றாக உட்காரவைத்துக் கிளிமூக்குக்கு ஓர் இலக்கணம் எழுதுங்கள். மூக்குக்கும் வாலுக்கும் பூவுக்கும் உரிய மதிப்பெண் கொடுங்கள். அலகு பொருந்தியிருக்கிறதா, கால் நேராக நிற்கிறதா, நடை சீராக இருக்கிறதா, நெஞ்சில் மூச்சிரைப்பு இல்லாமல் இருக்கிறதா என்பதற்கும் அதே அளவு கொடுங்கள். எல்லை மீறிய வளைவுக்கும் நீளத்துக்கும் மதிப்பெண் குறையும் என்று எழுதுங்கள். தடுப்பூசி போட்ட சீட்டு இல்லாத சேவலைப் பந்தலுக்குள் விடாதீர்கள். பெட்டைக்கும் ஒரு பிரிவு வையுங்கள். குஞ்சுகளோடு நிற்கும் சிறுவிடைத் தாய்க்கும் ஒரு கூண்டு ஒதுக்குங்கள்.

வளர்ப்பவர்களுக்கும் ஒன்று. அடுத்த கண்காட்சிக்குச் சேவலைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, அதன் தாய்க்கோழியிடமிருந்து அவயத்துக்கு வைத்த முட்டை எத்தனை, பொரித்தது எத்தனை, மூன்று மாதம் தேறியது எத்தனை என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். நடுவர் கேட்காவிட்டாலும் அதைக் காட்டுங்கள்.